கேபிள் டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் எந்த ஸ்ப்ளிட்டர்? கேள்வி பதில்

வீட்டுக்குள் வரும் ஒரே கோஆக்சியல் கேபிளை மோடத்துக்கும் டிவிகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், இப்போது இரண்டு டிவி, ஒரு மோடம் இருக்கிறது. பின்னால் தேவைப்படலாம் என்று எட்டு வழி ஸ்ப்ளிட்டராகவே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு வழி ஸ்ப்ளிட்டரில் ஒவ்வொரு முனையிலும் சுமார் 3.5 டெசிபல் குறையும். அதாவது உள்ளே போன சக்தியில் பாதிக்கும் குறைவாகத்தான் வெளியே வரும். நான்கு வழியில் சுமார் 7, எட்டு வழியில் சுமார் 11. எட்டில் மூன்றை மட்டும் பயன்படுத்தினாலும் அந்த மூன்றும் 11 டெசிபலை இழந்துதான் வரும். மீதி ஐந்து முனைகளுக்குப் போனது வீண். இன்றைக்கு எத்தனை இணைப்பு தேவையோ அத்தனை வழி போதும். நாளைக்கு இன்னொரு டிவி வந்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், ஒரு முனை சும்மா இருக்கிறது என்றால் அதில் 75 ஓம் டெர்மினேட்டர் போட்டு மூடிவிடுங்கள். திறந்து கிடக்கும் முனையில் சிக்னல் மோதித் திரும்பிவந்து மற்ற இணைப்புகளைக் கெடுக்கும்.

கேள்வி: மூன்று வழி ஸ்ப்ளிட்டர் ஒன்றில் 3.5, 7, 7 என்று அச்சிட்டிருக்கிறது. இன்னொன்றில் மூன்று முனையிலும் 5.5. எது நல்லது?

பதில்: மோடம் இருக்கும் வீட்டுக்கு முதலாவது. 3.5 போட்ட முனையை மோடத்துக்குக் கொடுங்கள், 7 போட்டவற்றை டிவிகளுக்கு. மூன்றுமே டிவி என்றால் 5.5 எடுங்கள், எல்லாம் சமமாக இருக்கும்.

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டில் நான்கு வழி ஸ்ப்ளிட்டர். டிவி எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, இன்டர்நெட் மட்டும் அடிக்கடி அறுந்துபோகிறது. டிவி நன்றாக இருக்கும்போது ஸ்ப்ளிட்டரில் எப்படிக் குறை இருக்கும்?

பதில்: இருக்கும் தம்பி. டிவி கேட்க மட்டும்தான் செய்கிறது. மோடம் திரும்பிப் பேசவும் வேண்டும். ஸ்ப்ளிட்டர் இரண்டு திசையிலும் அதே அளவு விழுங்குகிறது. கீழே வரும் சிக்னலில் 7 டெசிபல் போகிறது. மேலே அனுப்பும்போதும் 7 போகிறது. அதை ஈடுகட்ட மோடம் இன்னும் சத்தமாக அனுப்பப் பார்க்கும், ஓர் எல்லைக்கு மேல் அதனால் முடியாது. அங்கேதான் இணைப்பு அறுகிறது.

பிரௌசரில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் சிக்னல் அளவுகள் (dBmV என்ற அலகில்) தெரியும். கீழ்நோக்கி வரும் அளவு -7க்கும் +7க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. -15, +15 என்பது கடைசி எல்லை, அங்கே நின்றுகொண்டு நிலையான இணைப்பை எதிர்பார்க்க முடியாது. மேல்நோக்கி அனுப்பும் அளவு 50ஐ நெருங்கினால் மோடம் திணறுகிறது என்று அர்த்தம்.

செய்ய வேண்டியது இது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று போடுங்கள். ஒரு முனை நேராக மோடத்துக்கு, நடுவில் வேறெதுவும் கூடாது. இன்னொரு முனையிலிருந்து மூன்று முனையிலும் 5.5 உள்ள மூன்று வழி போட்டு டிவிகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். மோடத்துக்கு 7க்குப் பதில் 3.5தான் இழப்பு. டிவிகளுக்கு மொத்தம் 9 ஆகிவிடும், ஆனால் இப்போது பளிச்சென்று தெரிகிறது என்கிறீர்களே, அந்த 2 டெசிபலைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மோடத்தை முதலில் கவனியுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வது இதனால்தான்.

கேள்வி: 5–1000 மெகாஹெர்ட்ஸ், 5–2400 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வகை கிடைக்கிறது. பெரிய எண்தானே நல்லது?

பதில்: இல்லை. 2400 வரை போவது பெரும்பாலும் டிஷ் ஆன்டெனாவுக்காகச் செய்தது. டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 வரை. கேபிள் மோடம் மேலே பேசுவதோ 5 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் கீழ்ப்பகுதியில். அந்தப் பகுதியைச் சரியாகக் கையாளும் ஸ்ப்ளிட்டர்தான் உங்களுக்கு வேண்டும். சாதாரண கேபிள் இணைப்புக்கு 5–1000 போதும். டாக்சிஸ் 3.1 (கேபிள் இன்டர்நெட்டின் புதிய தரநிலை) மோடம் என்றால் சிக்னல் 1218 வரை போகலாம், அதற்கேற்றதை எடுங்கள். பழைய 5–900 இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: டிஷ் கேபிளையும் இப்படியே ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு செட்டாப் பாக்ஸுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. செட்டாப் பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எல்என்பியிடம் (டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் கருவி) எந்த அலைவரிசைத் தொகுதி வேண்டும் என்று கேட்கிறது. இரண்டு பெட்டி இரண்டு விதமாகக் கேட்டால் ஒன்றில் படம் வராது. இரட்டை எல்என்பி வைத்துத் தனித்தனிக் கேபிள் இழுப்பதே நேரான வழி.

கேள்வி: தங்க முலாம் பூசியது வாங்கினால் படம் தெளிவாகுமா?

பதில்: ஆகாது. துரு பிடிக்காமல் இருக்க ஓரளவு உதவும், அவ்வளவுதான். அந்தப் பணத்தை நல்ல கனெக்டருக்குச் செலவழியுங்கள்.

கேள்வி: புது ஸ்ப்ளிட்டர் போட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பூஸ்டர் வைக்கலாமா?

பதில்: பூஸ்டருக்குப் போகும் முன் கனெக்டர்களைக் கழற்றிப் பாருங்கள். கேபிள்மேல் முறுக்கி மாட்டும் வகையாக இருந்தால் வெட்டிவிட்டு அழுத்திப் பொருத்தும் வகை போடுங்கள். கனெக்டருக்குள் எட்டிப் பார்த்தால் நடுவில் செம்புக் கம்பி நேராக நின்று, விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டியிருக்க வேண்டும். சுற்றிலும் உள்ள வெள்ளை உறை கனெக்டரின் உள்தரையோடு சமமாக இருக்க வேண்டும். வலைக்கம்பியின் முடி போன்ற ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலே போதும், சிக்னல் அங்கேயே முடிந்தது. பச்சை படிந்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது; அந்தத் துண்டை வெட்டியெறிந்துவிடுங்கள். மாட்டும்போது கையால் முழுதாக முறுக்கி, அப்புறம் 11 மில்லிமீட்டர் ஸ்பானரால் லேசாக ஓர் இறுக்கு.

பூஸ்டர் நல்ல சிக்னலைத்தான் பெருக்கும். கெட்டுப்போன சிக்னலில் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிவிடும். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கேபிள் நுழையும் இடத்தில், ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் வையுங்கள். மோடமும் அதன் வழியாகப் போவதானால் இருதிசையிலும் வேலை செய்யும் பூஸ்டரா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கனெக்டரெல்லாம் மாற்றிவிட்டேன். குற்றம் ஸ்ப்ளிட்டரிலா, வெளியிலிருந்து வரும் லைனிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு, உள்ளே வரும் கேபிளையும் மோடத்துக்குப் போகும் கேபிளையும் ஒரு ஜாயின்டால் நேராக இணையுங்கள். ஒரு நாள் அப்படியே ஓடட்டும். பிரச்சினை போய்விட்டால் ஸ்ப்ளிட்டரையோ வழிகளின் எண்ணிக்கையையோ மாற்றுங்கள். போகவில்லை என்றால் மோடம் காட்டும் அளவுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். ஸ்ப்ளிட்டர் இல்லாமலே இந்த அளவுதான் வருகிறது என்று காட்டினால், வெளி லைனில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்ல உங்களுக்குக் காரணம் இருக்கும்.