அடுப்புக்கு ஓர்டர் கொடுத்துவிட்டு வராதீர்கள்: ஐரோப்பாவில் சிறு தொழிலுக்கு அரச கடன், கேள்வி பதில்

டோர்ட்முண்டில் ஒரு கணக்கு அலுவலகத்தில் 17 வருடமாக வேலை செய்கிறேன். கடை, உணவகம், துப்புரவுக் கம்பனி, அண்மைக்காலமாக மென்பொருள் என்று வருகிறவர்களுக்குத் தொழில் திட்டம் எழுதி வங்கிக்குக் கூட்டிப் போவதுதான் என் பிழைப்பு. ஜேர்மனி நன்றாகத் தெரியும், பிரான்ஸ் ஓரளவு தெரியும். மற்ற நாடுகளுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று மட்டும் சொல்வேன். கேட்கும்போது நாட்டையும் எழுதுங்கள், "ஐரோப்பா" என்று மட்டும் எழுதினால் பதில் இல்லை.

டோர்ட்முண்ட் தம்பி: அக்கா, டேக்அவே ஒன்று திறக்கப் போகிறேன். 60,000 யூரோ வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் புதுக்கடைக்கு இலவசமாகப் பணம் தருகிறதாமே, எங்கே விண்ணப்பிப்பது?

தராது தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேருக்கு நேரம் மிச்சம். ஒன்றியத்தின் பணம் உங்கள் கைக்கு நேரே வராது, வங்கிக்குப் பின்னால் போய் நிற்கும். 2021–2027 காலத்துக்கு இன்வெஸ்ட்-இயு என்று ஒரு திட்டம் இருக்கிறது, தொடங்கும்போது 26.2 பில்லியன் யூரோ அளவுக்கு அதில் உத்தரவாதம் வைத்தார்கள். லக்சம்பேர்க்கில் இருக்கிற ஐரோப்பிய முதலீட்டு நிதியம் அதைப் பயன்படுத்தி உள்ளூர் வங்கிகளிடம், "இந்தச் சின்னக் கடைக்காரருக்குக் கடன் கொடு, திரும்பி வராவிட்டால் நட்டத்தில் ஒரு பங்கை நான் ஏற்கிறேன்" என்கிறது. உங்களுக்குக் கிடைப்பது கடன்தான், அதற்கு வட்டியும் உண்டு.

ஜேர்மனியில் நீங்கள் பார்க்க வேண்டியது கேஎஃப்டபிள்யூ (இங்கே எல்லாரும் கா-எஃப்-வே என்பார்கள்). 1948இல் மார்ஷல் திட்டப் பணத்தை வைத்துத் தொடங்கிய அரச வங்கி. அதற்குக் கிளையும் கிடையாது கவுண்டரும் கிடையாது, நீங்கள் கணக்கு வைத்திருக்கிற வங்கி வழியாகத்தான் போக வேண்டும். தொழில் தொடங்குகிறவர்களுக்கான ஸ்டார்ட்கெல்ட் கடனில் வங்கியின் ஆபத்தில் 80 வீதத்தை கேஎஃப்டபிள்யூ எடுத்துக்கொள்கிறது. அப்படியிருந்தும் ஏன் வங்கி முகத்தைச் சுளிக்கிறது? 60,000 கடனுக்கும் 6 இலட்சம் கடனுக்கும் கடுதாசி வேலை ஏறக்குறைய ஒன்றுதான், வங்கிக்குக் கிடைக்கிற இலாபம்தான் வேறு. ஆகவே முதல் வங்கி இல்லை என்றால் கோபப்படாமல் இரண்டாவதுக்குப் போங்கள், மூன்றாவதுக்கும் போங்கள். ஊர் சேமிப்பு வங்கியும் கூட்டுறவு வங்கியும்தான் என் அனுபவத்தில் காது கொடுப்பவை.

இப்போது என் பழைய பல்லவி. விண்ணப்பம் போகும் வரை எதற்கும் கையெழுத்து வைக்காதீர்கள். அடுப்பு, குளிரூட்டி, அலங்கார வேலை ஒப்பந்தம், ஒன்றுக்கும் வேண்டாம். தொடங்கிவிட்ட வேலைக்கு அரச உதவி இல்லை என்பது அநேகமாக எல்லாத் திட்டத்திலும் உள்ள விதி. "உதவி இல்லாமலே தொடங்கிவிட்டாயே, பிறகு எதற்கு உதவி?" என்பதுதான் அவர்கள் வாதம், பிழை சொல்லவும் முடியாது. கேஎஃப்டபிள்யூவில் ஒரு சலுகை உண்டு: வங்கியோடு கடன் பற்றி உருப்படியாகப் பேசியது அவர்கள் கோப்பில் பதிவாகியிருந்தால் அதையே நேரத்துக்குச் செய்த விண்ணப்பமாக எடுப்பார்கள். அதனால் பேசி முடித்து எழும்பும்போது "இன்றைய பேச்சைக் குறித்து வையுங்கள்" என்று கேளுங்கள்.

2011இல் ஒரு அண்ணனுக்கு நான் இதை அழுத்திச் சொல்லவில்லை. மலிவு விலை என்று அவர் வெதுப்பக அடுப்புக்கு ஓர்டர் கொடுத்துவிட்டு வந்தார், ஓர்டர் தேதி விண்ணப்பத்துக்கு நான்கு நாள் முந்திவிட்டது. பிழை அவருடையது பாதி, என்னுடையது பாதி. அவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் அந்த அடுப்பைப் பற்றித்தான் பேசுவார்.

பரிஸ், லா சப்பல் கடைக்காரர்: சேலைக் கடைக்கு வங்கி மறுத்துவிட்டது. பத்து வருடம் உணவகத்தில் வேலை செய்து இப்போது வேலையில்லாக் கொடுப்பனவில் இருக்கிறேன்.

உங்களுக்கு ஜேர்மனியை விட நல்ல வழி இருக்கிறது அண்ணை. கொடுப்பனவில் இருந்துகொண்டு தொழில் தொடங்கினால் ஆர்ஸ் என்ற உதவியைக் கேட்கலாம். மிச்சமிருக்கிற உரிமையில் 60 வீதத்தை மாதாமாதம் வாங்காமல் மூலதனமாக எடுக்கலாம், முதலில் பாதி, ஆறு மாதம் கழித்து மீதி. கடை சரியாக ஓடாவிட்டால் மாதக் கொடுப்பனவு கையில் இருக்காது, அதை வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

அதற்கு மேல் "கௌரவக் கடன்". இனிஷியேற்றீவ் பிரான்ஸ் வலையமைப்பு தருகிறது, வட்டி இல்லை, பிணை இல்லை. கடன் உங்கள் பெயரில்தான், அதைச் சொந்த முதலாகக் கடைக்குள் போடுவீர்கள். ஒரு குழு உங்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுத் தெரிவு செய்திருக்கிறது என்பதைப் பார்த்தே வங்கி மனம் மாறும். அந்த வங்கிக் கடனுக்கு அரச முதலீட்டு வங்கியான பிபிஐபிரான்ஸ் உத்தரவாதமும் கேட்கலாம். எல்லா வங்கியும் கதவடைத்தால் ஆடி இருக்கிறது, 1989இல் தொடங்கிய சிறுகடன் சங்கம், வங்கி மறுத்தவர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லைத்தானே?

எசன்: நானும் வேலையில்லாக் கொடுப்பனவில். ஜேர்மனியில் அப்படி இல்லையா?

இருக்கிறது, குருண்டுங்ஸ்சூஷுஸ். முதலாவது வகைக் கொடுப்பனவில் குறைந்தது 150 நாள் மிச்சம் இருக்க வேண்டும். ஆறு மாதம் அதே கொடுப்பனவோடு மாதம் 300 யூரோ, பிறகு ஒன்பது மாதம் 300 மட்டும். இது திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம். ஆனால் உங்கள் உரிமை இல்லை, அதிகாரியின் தீர்மானம். தொழிலைப் பதிவதற்கு முன் கேளுங்கள்.

லண்டன், ஹரோ: ஐரோப்பிய நிதி இலவசமாக உணவகத்துக்கு...

முதல் பதிலைப் படியுங்கள். தவிர நீங்கள் ஒன்றியத்திலேயே இல்லை. பிரிட்டிஷ் பிசினஸ் பாங்க்கின் ஸ்டார்ட் அப் லோன் பாருங்கள், 500 முதல் 25,000 பவுண் வரை, நிலையான வட்டி. அது கம்பனிக் கடன் அல்ல, தனியாள் கடன். கம்பனி படுத்தாலும் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

கோல்ன் வியாபாரி: அரசு 80 வீதம் பொறுப்பெடுத்தால் கடை விழுந்தால் நான் 20 வீதம் கட்டினால் போதும். அதை ஏன் அக்கா சொல்லவில்லை?

சொல்லாததற்குக் காரணம் அது பொய் என்பதுதான். உத்தரவாதம் வங்கிக்கு, உங்களுக்கு அல்ல. நீங்கள் 100க்கு 100 கடன்காரர். வங்கிக்கு நட்டத்தை ஈடு செய்தவர்கள் பிறகு உங்களிடம்தான் வருவார்கள். பிரித்தானியாவின் குரோத் கரண்டி திட்டத்திலும் இதே கதை, அங்கே 70 வீதம், கடனாளி முழுதுக்கும் பொறுப்பு. இந்தத் தப்பான கணக்கை நம்பி வீட்டை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கோல்ன் வியாபாரி: அப்ப எதற்கு இந்தக் கரைச்சல்? வங்கி நாலு மாதம் இழுத்துவிட்டு இல்லை என்றது. சீட்டுத் தாச்சி (சீட்டை நடத்துபவர்) ஒரே பின்னேரத்தில் காசு தந்தார். கேள்வியும் இல்லை, கடுதாசியும் இல்லை. எங்கள் ஆட்கள் இங்கே கடை போட்டதெல்லாம் சீட்டுக் காசில்தான்.

உண்மைதான், மறுக்கவில்லை. என் அப்பா கார் எடுத்ததும் சீட்டில்தான். ஆனால் கணக்குப் போடுவோம். 20 பேர், மாதம் 1,000 யூரோ. முதல் மாதமே 4,000 கழிவுக்குக் கூறி (விட்டுக்கொடுக்கும் அந்தக் கழிவை எல்லாரும் பங்கிடுவார்கள்) எடுத்தீர்கள், கையில் 16,000. கழிவு மாதாமாதம் சீராகக் குறைந்து கடைசியில் பூச்சியமாகிறது என்று வைத்தால், எல்லாம் முடிய உங்களுக்கு ஏறக்குறைய 2,000 யூரோ செலவு. சின்னத் தொகை போலத் தெரியும், வருட வட்டியாகப் பார்த்தால் 15 வீதத்துக்குக் கிட்ட.

ஸ்ருட்கார்ட்: அக்கா, வங்கியில் வட்டி மட்டுமா? உத்தரவாதக் கட்டணம், உங்கள் கட்டணம், வரி ஆலோசகர்...

சரி, அதுவும் நியாயம். உத்தரவாத வங்கி (உங்கள் கடனுக்கு வங்கியிடம் பொறுப்பு நிற்பது) ஒருமுறைக் கட்டணமும் வருடக் கட்டணமும் எடுக்கும், என் பில்லும் வரும். எல்லாம் சேர்த்தாலும் நான் செய்த கணக்குகளில் 15ஐத் தொட்டதில்லை. வேகத்தில் சீட்டு வெல்லும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கோல்ன் வியாபாரி: தாச்சி முகம் பார்த்துத் தருகிறார். வங்கி முகம் பார்த்து மறுக்கிறது.

அந்த வசனத்துக்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. பெயரைப் பார்த்ததும் குரல் மாறுகிற அதிகாரிகளுக்கு முன்னால் நானும் இருந்திருக்கிறேன். நான் சொல்ல வருவது வேறு: சீட்டுக் காசைச் சொந்த முதல் என்று வங்கியில் காட்டும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கைக்காசாக வந்திருந்தால் வாயடைத்துப் போவீர்கள். இன்னும் முடியாத சீட்டென்றால் அது முதலும் அல்ல, கடன். மாதாமாதம் வங்கி மூலம் கட்டி, பெற்றதையும் வங்கியில் பெற்றிருந்தால் வழி இருக்கிறது. தாச்சியிடம் ஒரு கடிதமும் வாங்கிப் பாருங்கள்.

சூரிச்: சீட்டுச் சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். நான் பெண், கேட்டரிங் தொடங்குகிறேன்.

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். சஃபா என்ற உத்தரவாதக் கூட்டுறவிடம் போங்கள், பெண்களுக்காகவே 1931இல் தொடங்கியது. 1928இல் பேர்ண் நகரில் நடந்த பெண்களின் தொழில் கண்காட்சியில் மிஞ்சிய பணத்தில் பிறந்த அமைப்பு. சுவிஸில் பொதுவாக இந்த உத்தரவாதம் 10 இலட்சம் பிராங் வரை போகலாம்.

பேர்லின், மென்பொருள்: ஈஐசி அக்சிலரேற்றர் (ஐரோப்பிய புத்தாக்கப் பேரவையின் திட்டம்) பற்றிச் சொல்லுங்கள்?

இங்கேதான் ஒன்றியம் நேரடியாகப் பணம் தருகிறது. மானியம் 25 இலட்சம் யூரோ வரை, செலவில் 70 வீதம், மீதி 30ஐ நீங்கள் தேட வேண்டும். முதலில் சிறு விண்ணப்பம், பிறகு முழு விண்ணப்பம், பிறகு நடுவர் குழுவின் நேர்காணல். யாரும் செய்யாத தொழில்நுட்பமாக இருக்க வேண்டும், உணவு விநியோக ஆப் இன்னொன்று என்றால் வேண்டாம். இன்னொன்று, மாமாவின் கம்பனி உங்களிடம் 51 வீதப் பங்கு வைத்திருந்தால் அதன் ஆட்களும் உங்கள் ஆட்களாக எண்ணப்படுவார்கள். சிறு, நடுத்தரக் கம்பனிக்கு எல்லை 250 பேருக்குக் குறைவு, அதோடு வருட விற்பனை 50 மில்லியன் அல்லது ஐந்தொகை (சொத்துகளின் மொத்தக் கணக்கு) 43 மில்லியன் யூரோவுக்குள். மாமாவிடம் 300 பேர் என்றால் கதை முடிந்தது. 25க்கும் 50க்கும் இடையில் என்றால் பங்கின் அளவுக்குச் சேர்ப்பார்கள்.

ஒஸ்லோ: மீன் ஏற்றுமதி.

இன்னோவேஷன் நோர்வே என்ற அரச நிறுவனம். அவர்களுக்கு மீன் என்னை விட நன்றாகத் தெரியும்.

ஹாம்: ஒருவர் ஒன்றிய மானியம் எடுத்துத் தருவாராம், 5 வீதம் முன்பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். "உறுதியாகக் கிடைக்கும்" என்று சொல்லி முன்பணம் கேட்டால் எழும்பி வாருங்கள். இலவச ஆலோசனைக்கு என்ரர்பிரைஸ் யூரோப் நெட்வேர்க் இருக்கிறது, உங்கள் ஊர் வர்த்தக சபையும் இருக்கிறது.

பிரேமன்: முன்பு 1,40,000 யூரோ மானியம் வாங்கினோம், இன்னும் வாங்கலாமா?

"டி மினிமிஸ்" (சிறு அளவு அரச உதவி) என்று கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள். 2024 ஜனவரி முதல் எல்லை மூன்று வருடத்துக்கு 3 இலட்சம், அதற்கு முன் 2 இலட்சமாக இருந்தது. ஒன்றை ஒன்று கட்டுப்படுத்துகிற கம்பனிகளை ஒன்றாக எண்ணுவார்கள். அந்தக் கடிதங்களை எறியாதீர்கள்.

சென்னை: நான் இந்தியாவில் இருந்தே ஜேர்மன் கடன்...

முதலில் விசா. குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

மான்ஹைம்: உணவகத்துக்கு இலவச...

மேலே.

கோல்ன் வியாபாரி: தாச்சி கடிதம் தரமாட்டாராம். ஆனால் 14 மாதமும் வங்கி மூலம்தான் கட்டியிருக்கிறேன், எடுத்த காசும் கணக்கில்தான் வந்தது. வான் ஒன்று மலிவாக வந்திருக்கிறது, இந்தக் கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கணக்கு அறிக்கை அவ்வளவையும் அச்செடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை வாங்கோ. இன்னும் கட்ட இருக்கிற ஆறு மாதத்தைக் கடனாக எழுதுவோம். வானுக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம்.