பழஞ்சீனப் பெண்குரல் பாடல்களும் ஆசிரியர் அடையாளமும்: பதில்

வணக்கம். தலைவனைப் பிரிந்தவளின் புலம்பலாக அமைந்த பழஞ்சீனப் பாடல்களைப் 'பெண் கவிஞர்கள்' என்ற தலைப்பில் ஆய்வேட்டில் சேர்த்ததாகவும், இவற்றைப் பாடியவர் பெண்தானா என்று கேட்டு நெறியாளர் திருப்பி அனுப்பியதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் கேட்டது சரியே. கி.பி. 940இல் தொகுக்கப்பட்ட 'மலர்களிடையே' தொகுதியின் 500 பாடல்களில், சோம்பலாக எழுந்து புருவம் தீட்டும் பெண்கள் அடிக்கடி வருகிறார்கள். பாடிய 18 பேரும் ஆண்கள்.

சோங் அரசமரபுக் காலப் பெண் கவிஞரான, 1084இல் பிறந்த லி சிங்சாவின் பெயரில் வழங்குபவற்றிலும் கவனம் தேவை. சோங் காலத் தொகுப்புகளில் காணப்படாத சில பாடல்கள், நூற்றாண்டுகள் கழித்தே அவர் பெயரில் தோன்றுகின்றன. ஒவ்வொரு பாடலுக்கும் அது இடம்பெறும் மிகப் பழைய தொகுப்பைக் குறித்துக்கொண்டு, ஐயத்துக்குரியவற்றைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

அவருடைய உரைநடையிலிருந்து தொடங்குவது இன்னும் நல்லது என்பேன். கணவர் சாவ் மிங்செங் தொகுத்த கல்வெட்டு, வெண்கலப் பொறிப்பு நூலுக்கு எழுதிய பின்னுரையில், உணவுக்குப் பின் தேநீர் காய்ச்சி, குவிந்து கிடக்கும் நூல்களைக் காட்டி, இன்ன செய்தி எந்த நூலில், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று இருவரும் போட்டியிட்டதையும், சரியாகச் சொன்னவர் முதலில் குடிக்கலாம் என்றிருந்தும் சிரித்த சிரிப்பில் தேநீர் மடியில் கொட்டியதையும் அவர் விவரிக்கிறார். புருவம் தீட்டும் பெண்ணை இதன் அருகில் வைத்துப் படித்தால் உங்கள் இயலுக்கு வலுவான வாதம் கிடைக்கும்.

அரசுப் பணித் தேர்வில் வென்ற ஆண்களின் பெயர்களைப் பார்த்து, தன் ஆடை தன் கவிதையை மறைப்பதாக நொந்துகொண்ட தாங் அரசமரபுக் காலத்துப் பெண் கவிஞர் யூ சுவான்சியின் பாடலையும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.