சுந்தியாத்தா காவியம்: கேட்டவர்கள் பலர், பதில் ஒருவர்

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசை நிறுவியதாகச் சொல்லப்படும் சுந்தியாத்தா நிஜ ஆளா, கற்பனையா?

ஆள் நிஜம்தான். 14ஆம் நூற்றாண்டில் அரபு வரலாற்றாசிரியர் இபின் கல்தூன் இவரை 'மாரி ஜாட்டா' என்று எழுதியிருக்கிறார். சோஸோ நாட்டு மன்னன் சுமங்குருவை இவர் கிரினா என்ற இடத்தில் தோற்கடித்தது 1235 வாக்கில் என்பார்கள். எருமையாக உருமாறும் பெண்ணெல்லாம் கதைக்காரர்களின் சொத்து. அதை உருவிவிட்டால் கேட்க யார் உட்காருவார்கள்?

கேள்வி: உங்களுக்குப் பிடித்த கட்டம்?

சந்தேகமே இல்லை, பாவோபாப் இலைதான் (மன்னாரில் பெருக்கமரம் என்பார்களே, அந்த மரம்). பையன் சுந்தியாத்தா ஏழு வயதாகியும் தவழ்கிறான். குழம்புக்குக் கொஞ்சம் இலை கேட்டுப் போன தாய் சோகோலோனை, சக்களத்தி குத்திக்காட்டி அனுப்புகிறாள்: என் பிள்ளை எனக்குப் பறித்துத் தருகிறான், உன் பிள்ளை? அழுதுகொண்டு வீடு திரும்புகிறாள். அன்றைக்குப் பையன் இரும்புத்தடி கேட்கிறான். ஊன்றி எழும்போது தடி வில்லாக வளைகிறது. நேரே போய் மரத்தையே வேரோடு பிடுங்கி அம்மாவின் வாசலில் போடுகிறான். பேரரசு உருவான கதை ஒரு குழம்புச் சண்டையில் தொடங்குகிறது பாருங்கள்!

கேள்வி: இதை யார் வேண்டுமானாலும் பாடலாமா?

கூடாது. ஜெலி என்ற பரம்பரைப் பாணர்களுக்கே அந்த உரிமை. கிரியோ என்று வெளியுலகம் சொல்வது இவர்களைத்தான். குயாத்தே, ஜபாத்தே போன்ற குடும்பங்கள். பாடகர் சலிஃப் கெய்த்தா சுந்தியாத்தாவின் வம்சம். அரச குலத்தவர் பாடுவதா என்று அவர் வீட்டிலேயே எதிர்ப்பு.

கேள்வி: வரிக்கு வரி மனப்பாடமா?

இல்லை. நிகழ்ச்சி வரிசையும் குலப் புகழ்ப்பாக்களும் பெரிதாக மாறுவதில்லை. மற்றபடி நீட்டுவதும் சுருக்குவதும் ஆளையும் சபையையும் பொறுத்தது. பக்கத்தில் ஒருவர் அடிக்கு அடி "நாமு" என்று ஆமோதித்துக்கொண்டே இருப்பார். அது நின்றால் கதையும் தள்ளாடும்.

கேள்வி: சரி, இன்றைக்கு இதனால் என்ன பயன்?

கேட்பவர் தன் குடும்பப் பெயருக்காகக் காத்திருக்கிறார். எருமையாக உருமாறிய அந்தப் பெண்ணை ஒருவன் கொன்றான், கூடப்பிறந்தவன் அவனைப் புகழ்ந்து பாடினான். பாடியவன் வழிதான் ஜபாத்தே என்று வந்ததும் அந்தக் குடும்பத்தார் நிமிர்ந்து உட்காருவார்கள். யாருக்கு யார் உறவு, யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதற்கெல்லாம் இந்தக் கதையே சாட்சி. மாலியின் காங்காபாவில் 7 ஆண்டுக்கு ஒருமுறை புனித வீட்டுக்குப் புதுக்கூரை வேயும்போது கேலா ஊர் ஜபாத்தேக்கள் வந்து பழைய வரலாற்றைச் சொல்வார்கள்.

கேள்வி: கதையில் வரும் சுமங்குருவின் மாய பாலஃபோன் (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) இப்போது எங்கே?

கினி நாட்டின் நியாகஸ்ஸோலா ஊரில், குயாத்தே குடும்பத்தின் பொறுப்பில். சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், 20 மரக்கட்டைகள், கீழே சுரைக்குடுக்கைகள். அதுவே மூல வாத்தியம் என்பது அவர்கள் நம்பிக்கை. கதைப்படி, சுந்தியாத்தாவின் ஜெலி அதை ரகசிய அறையில் திருட்டுத்தனமாக வாசித்தார். எங்கிருந்தோ அதைக் கேட்டுக் கொதித்து வந்தான் சுமங்குரு. ஜெலி சட்டென்று அவனையே புகழ்ந்து பாடிவிட்டார். கோபம் போய்விட்டது, ஆனால் ஆளை விடவில்லை: இனி நீ என் பாணன் என்று வைத்துக்கொண்டான்.