பேச்சு நிற்கும் இடம்

வணக்கம்.

எனக்கு வயது 43, எடை 72 கிலோ. வங்கியில் வேலை, வீடு திருவான்மியூரில். மூன்று வருடமாக ஓடுகிறேன். 10 கி.மீ. 58 நிமிடம், அரை மாரத்தான் 2 மணி 12 நிமிடம். போன ஜனவரியில் முதல் முழு மாரத்தான். 30 கி.மீ. வரை 6:20 பேஸில் (கி.மீ.க்கு 6 நிமிடம் 20 விநாடி) நன்றாகப் போனேன். அதன்பின் கால் நகரவில்லை. மிச்சத்தை நடந்தே 5 மணி 31 நிமிடத்தில் முடித்தேன். இந்த முறை 5 மணிக்குள் வர வேண்டும். வாரத்தில் நான்கு நாள் 6:10 பேஸில் ஓடுகிறேன். அதைவிட மெதுவாக ஓடினால் பயிற்சி செய்த மாதிரியே இல்லை.

சில கேள்விகள். அடிப்பாகத்தில் கார்பன் தகடு வைத்த ‘கார்பன் பிளேட்’ ஷூ 20,000 ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள், வாங்கலாமா? ஞாயிறு லாங் ரன்னுக்கு ஐந்தாறு பேர் சேர்ந்து போகிறோம். வழி முழுக்க வெட்டிப் பேச்சு. ஒருவருக்கு வீட்டுக்கடன், ஒருவருக்குப் பையனின் நீட் கோச்சிங், ஒருவருக்கு மாமியாரின் கண் ஆபரேஷன். எனக்குக் கவனம் சிதறுகிறது. தனியாக ஹெட்போன் போட்டுக்கொண்டு ஓடினால் முன்னேற்றம் வருமா? ஓடினால் மூட்டு தேயும் என்று வீட்டில் சொல்வதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

எஸ்., சென்னை

*

அன்புள்ள எஸ்.,

ஷூவை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். அந்த வகை ஷூ ஓட்டத்தின் ஆற்றல் செலவைச் சுமார் 4 சதவீதம் குறைக்கிறது என்று 2018-இல் வந்த ஆய்வு, மணிக்கு 14 முதல் 18 கி.மீ. வேகத்தில் ஓடுகிறவர்களை வைத்துச் செய்தது. உங்கள் வேகம் மணிக்கு 9, 10 கி.மீ. அங்கே கிடைப்பது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். சாதாரண மெத்தை உள்ள ஷூவை அரை சைஸ் பெரியதாக வாங்குங்கள். சென்னைச் சூட்டில் இரண்டு மணி நேரம் ஓடினால் பாதம் வீங்கும். முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இல்லாவிட்டால் நகம் கறுக்கும். மூட்டைப் பற்றி: அளவோடு ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் ஓடாதவர்களைவிட அதிகமாக வருவதில்லை. ஏற்கெனவே அடிபட்ட முழங்கால் என்றால் மருத்துவரிடம் போங்கள். ஹெட்போன் கூடாது. விடிவதற்கு முன் ஈ.சி.ஆரில் ஒருவழியின் எதிர்த்திசையில் பைக் வருகிற ஊர் இது.

இனி அந்த ‘வெட்டிப் பேச்சு’. கடிதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் பயிற்சியில் ஒழுங்காக நடக்கிற ஒரே விஷயம் அதுதான். அதை விட்டுவிட்டுத் தனியே ஓடப் போகிறேன் என்கிறீர்கள்.

நீங்கள் எழுதிய எண்களை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். அரை மாரத்தான் 2:12 என்றால் கி.மீ.க்கு 6:15. அது உங்கள் பந்தய வேகம். உயிரைக் கொடுத்து ஓடியது. தினசரி ஓட்டம் 6:10. பந்தயத்தில் ஓடுவதைவிட வேகமாகச் செவ்வாய்க்கிழமை காலை ஆபீசுக்குப் போகும் முன் ஓடுகிறீர்கள்! முழு மாரத்தானின் முதல் 30 கி.மீ.யை 6:20-இல், அதாவது ஏறக்குறைய அரை மாரத்தான் வேகத்திலேயே ஓடியிருக்கிறீர்கள். கால் நகராமல் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? வங்கியில் ஒருவர் இப்படிக் கணக்கு எழுதிக்கொண்டு வந்து கடன் கேட்டால் கொடுப்பீர்களா?

ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 72 கிலோ, 42.2 கி.மீ.: 3,000 கலோரிக்குக் கொஞ்சம் மேல். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாக, அதாவது சேமித்த சர்க்கரையாக, சேர்த்துவைக்க முடிவது சுமார் 2,000 கலோரி. மிச்சம் கொழுப்பிலிருந்தும் வழியில் சாப்பிடும் சர்க்கரை ஜெல்லிலிருந்தும் வர வேண்டும். வேகம் கூடக் கூடக் கொழுப்பின் பங்கு சுருங்கும், கிளைக்கோஜன் சீக்கிரம் தீரும். 30-ஆவது கி.மீ.யில் உங்களை நிறுத்தியது இந்தக் கணக்கு. மனவலிமைக் குறைவு என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். உங்கள் மீது தப்பு இல்லை, உங்கள் பேஸ் மீதுதான் தப்பு.

கொழுப்பை எரிக்கத் தசையைப் பழக்க வேண்டும். தசை நாரைச் சுற்றி நுண்குழாய்கள் பெருக வேண்டும், உள்ளே ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருக வேண்டும். இரண்டும் மெதுவான ஓட்டத்தில், மணிக்கணக்கில், மாதக்கணக்கில் வருபவை. வேக ஓட்டத்திலும் வரும்; ஆனால் வாரத்தில் நான்கு நாள் வேகமாக ஓட உங்கள் வயதில் உடம்பு தாங்காது. எல்லா நாளும் 6:10 என்றால், மெதுவான நாளுக்கு அது அதிகம், வேகமான நாளுக்கு அது குறைவு. களைப்பு மட்டும் சேரும்.

எவ்வளவு மெதுவாக? இங்கேதான் பேச்சு வருகிறது. பேச்சு வெளிமூச்சில் நடக்கிற வேலை. ஒரு வாக்கியம் முடியும்வரை மூச்சை மெல்ல நீட்டி விட வேண்டும், உள்ளே இழுக்கக் கிடைப்பது சின்ன இடைவெளி. வேகம் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் தசையில் சேரும் அமிலத்தைச் சமன்செய்ய ரத்தத்திலுள்ள பைகார்பனேட் செலவாகிறது. அதனால் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக உண்டாகிறது. அதை வெளியேற்ற நுரையீரல் அவசரப்படுகிறது. அந்த அவசரத்தில் நீண்ட வாக்கியம் பேச முடியாது. விஸ்கான்சின்-லா கிராஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஃபாஸ்டரும் அவர் குழுவும் இதைப் பலமுறை சோதித்தார்கள். அமெரிக்கக் கொடி உறுதிமொழியைச் சொல்லவைத்து, ‘சிரமமில்லாமல் பேச முடிகிறதா?’ என்று கேட்பார்கள். ‘முடிகிறது’ என்ற பதில் ‘தெரியலை, சுமாராக’ என்று மாறும் இடம், ஆய்வகக் கருவி காட்டும் முதல் மூச்சு வரம்பை, அதாவது மூச்சு அவசரப்படத் தொடங்கும் அந்தக் கட்டத்தை, ஒட்டியே இருந்தது. முகமூடி மாட்டி அளப்பதை உங்கள் பக்கத்தில் ஓடுகிறவர் இலவசமாக அளந்து சொல்கிறார்.

நமக்குக் கொடி உறுதிமொழி வேண்டாம். ஒரு குறள் வெண்பா போதும், ஏழு சீர். ஈஸி ரன்னில் ஒரே மூச்சில் ஒரு குறளைச் சொல்லி, இரண்டு சாதாரண மூச்சு விட்டு, அடுத்த குறளைச் சொல்ல வேண்டும். நான்காம் சீரில், அதாவது முதல் அடி முடிகிற இடத்தில், மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். உங்கள் 2:12-ஐ வைத்துப் பார்த்தால் அந்த வேகம் 7:15 முதல் 7:45-க்குள் எங்காவது இருக்கும். கேட்கும்போதே உங்களுக்கு வெட்கமாக இருக்கும், தெரியும். ஓட்டக் கணக்கைப் பகிரும் ஸ்ட்ராவா செயலியில் யார் என்ன நினைப்பார்கள் என்ற யோசனையும் வரும். அந்த யோசனைக்குப் போன ஜனவரியில் 12 கி.மீ. நடந்து விலை கொடுத்திருக்கிறீர்கள்.

குழுவில் பேச்சு எப்படி உடைகிறது என்று வரும் ஞாயிறு காது கொடுத்துக் கேளுங்கள். மூன்றாவது கி.மீ.யில் ஒருவர், “நேத்து பத்திர ஆபீஸ் போனேன், டோக்கன் நம்பர் கூப்பிடவே பன்னெண்டு மணி ஆயிடுச்சு, அப்புறம் பார்த்தா சர்வர் டவுனாம்” என்பார். முழு வாக்கியம். அதே ஆள் ஏழாவது கி.மீ.யில், “மறுபடி... திங்கக்கிழமை... வரச் சொன்னாங்க” என்பார். காலடிக்கும் மூச்சுக்கும் உள்ள கணக்கும் மாறியிருக்கும்: மூன்று அடிக்கு ஒரு மூச்சு உள்ளே போனது இரண்டு அடிக்கு ஒன்றாகியிருக்கும். திரு.வி.க. பாலத்து ஏற்றத்தில், “ஆமா.” அவ்வளவுதான். யாரும் வேகத்தைக் கூட்டவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். கூட்டியது யாரென்றால், எப்போதும் அரை அடி முன்னால் ஓடுகிற ஒருவர். பக்கத்தில் இருப்பவர் அவரை ஒட்டிப் பிடிப்பார், அவர் மறுபடி அரை அடி முன்னே போவார். இப்படியே கி.மீ.க்கு ஐந்து ஐந்து விநாடியாக 7:20 என்பது 6:45 ஆகிவிடும். உங்கள் குழுவில் அந்த அரை அடி ஆசாமி நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 6:10 ஓடிப் பழகிய கால் சும்மா இருக்காது.

இதற்கு ஒரு வழி உண்டு. குழுவில் யாருக்கு அதிகம் மூச்சு வாங்குகிறதோ அவரைப் பேசவிடுங்கள். கேள்வி கேளுங்கள். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் எல்லோரும் குறையுங்கள். ஏற்றத்தில் வாட்சைப் பார்க்காதீர்கள், வாக்கியத்தைக் காப்பாற்றுங்கள்.

சென்னைக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். அக்டோபர் காலை ஐந்து மணிக்கு 26 டிகிரி, காற்றில் ஈரம் தொண்ணூறு சதவீதம். வியர்வை ஆவியானால்தான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் பயன் இல்லை. உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது, துடிப்பு ஏறுகிறது. பிப்ரவரியில் சுகமாக இருந்த 7:20 மே மாதத்தில் அதே 7:20 இல்லை. வாட்சுக்கு அது தெரியாது. 220-இலிருந்து வயதைக் கழிக்கிற இதயத்துடிப்புக் கணக்கு பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ பிசகும். வெயில், தூக்கம் கெட்ட ராத்திரி, முந்தின நாள் ஆடிட், எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு உடனே சொல்வது பேச்சு ஒன்றுதான்.

இந்த அறிவு எப்படிப் பரவியது என்பதையும் சொல்ல வேண்டும். நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். பாரி மாகீ மாரத்தானில் வெண்கலம். (அந்த மாரத்தானை வென்ற அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடினார், கார்பன் பிளேட் கேட்டீர்களே.) 800 மீட்டர்காரரான ஸ்னெல் உட்பட எல்லோரும் வைட்டாகெரே மலைச்சாலையில் 22 மைல், நம் கணக்கில் 35 கி.மீ., நீண்ட ஓட்டம் ஓடினார்கள். 1962-இல் அதே லிடியார்ட் மாரடைப்பு வந்து மீண்ட நடுத்தர வயதுக்காரர்களையும் சேர்த்து மெல்லோட்டக் குழு தொடங்கினார். அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பௌவர்மன் அங்கே போனார். வயது 51. உலகத்தர ஓட்டக்காரர்களை உருவாக்கியவர். தானும் கூட ஓடலாம் என்று கிளம்பி மூச்சுத் திணறிப் பின்தங்கினார். எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு கண்ட ஒரு பெரியவர் அவருக்காகப் பின்வாங்கி, வழி முழுக்கப் பேசிக்கொண்டே அவரைக் கூட்டிவந்து சேர்த்தார். பௌவர்மன் ஊருக்குத் திரும்பி யூஜீன் நகரத்து ஜனங்களை ஓடவைத்தபோது சொல்லிக்கொடுத்தது இதுதான்: பேசிக்கொண்டே ஓட முடியாவிட்டால் வேகம் அதிகம். அவர்தான் பின்னால் நைக்கி கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர்.

உங்கள் வாரம் இப்படி இருக்கட்டும். செவ்வாய் 8 கி.மீ., குறள் வேகம். வியாழன் 2 கி.மீ. வார்ம் அப், பிறகு 800 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 4:25 முதல் 4:30. நடுவில் 400 மீட்டர் மெல்லோட்டம். அன்று பேச்சு வரக் கூடாது, இரண்டு சொல்லோடு நிற்க வேண்டும். வெள்ளி 6 கி.மீ., தூங்குகிற மாதிரி. ஞாயிறு லாங் ரன்: 18, 21, 24, பிறகு ஒரு வாரம் 16, 24, 26, 28, மறுபடி ஒரு வாரம் 18. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எந்த ஞாயிறும் வேண்டாம். 32 கி.மீ. ஓடியே தீர வேண்டும் என்பது வேகமாக ஓடுகிறவர்களுக்கான கணக்கு. உங்கள் பேஸில் 28-லேயே மூன்றரை மணி வந்துவிடும், அதற்குமேல் தேறுவதைவிட உடைவது அதிகம். கடைசி நீண்ட ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு.

பந்தயத்தில் முதல் 10 கி.மீ. 7:00. பிறகு 6:45 முதல் 6:50. நான்கு மணி ஐம்பதை ஒட்டி முடியும். முப்பது, நாற்பது நிமிடத்துக்கு ஒரு ஜெல். லாங் ரன்னில் பழகாத ஜெல்லை அன்று தொடாதீர்கள். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் குடித்தது போதவில்லை. எடை கூடியிருந்தால் அதைவிட ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும்; வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளாதீர்கள். எலக்ட்ரால் (உப்பு-சர்க்கரைப் பொடி) 21.8 கிராம் பாக்கெட் சரியாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம்.

மாமியாரின் கண் ஆபரேஷனைப் பேசுகிறவர் அந்த வாரத்தில் அதை வேறு யாரிடமும் பேசியிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. பக்கத்துப் பக்கத்தில் ஓடும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை, அதனால் சில விஷயங்கள் அங்கேதான் வெளியே வரும். நான்கேகாலுக்கு எழுந்து, பல் தேய்த்து, சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வருகிற ஆறு பேர். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வரும் ஞாயிறு வீட்டுக்கடன்காரர் பக்கத்தில் ஓடுங்கள். உங்கள் துறைதானே? ஃபுளோட்டிங் வட்டி ஏறும்போது இ.எம்.ஐ. ஏறாமல் வருடங்கள் எப்படி நீள்கின்றன, நடுவில் கொஞ்சம் அசலைக் கட்டினால் எவ்வளவு மிச்சம் என்று அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். நீலாங்கரை தாண்டுவதற்குள் மூச்சு வாங்காமல் முழுதாக விளக்கி முடித்தீர்களா என்று எனக்கு எழுதுங்கள்.