ரெண்டு நாள் கழிச்சு ஏன் வலிக்குது?

கேள்வி: ஜிம்ல சேந்த முதல் நாளே நிறைய ஸ்குவாட் போட்டுட்டேன். அன்னைக்கு ஒண்ணும் தெரியல, மறுநாள் லேசா பிடிச்ச மாதிரி இருந்துச்சு, அதுக்கடுத்த நாள் பாத்தா கைப்பிடிய புடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல தான் மாடிப்படி இறங்குறேன். லாக்டிக் ஆசிட் தேங்கிருச்சு, இன்னும் நல்லா போடு, கரைஞ்சிரும்னு ஃப்ரெண்டு சொல்றான். போடலாமா?

பதில்: பாவம் அந்த லாக்டிக் ஆசிட், பண்ணாத தப்புக்கு ரொம்ப வருஷமா திட்டு வாங்கிட்டு இருக்கு. கஷ்டப்பட்டு தூக்கும்போது அது கூடுறது நிஜம், ஆனா நிறுத்தின ஒரு மணி நேரத்துக்குள்ளயே பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துரும், இதயமே அத எரிச்சு சக்தியா எடுத்துக்கும். அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு வலிக்க அங்க என்ன மிச்சம் இருக்கு?

வில்லன் வேற. ஸ்குவாட்ல கீழ இறங்குறீங்கல்ல, அப்போ தொடை தசை நீண்டுகிட்டே பாரத்தையும் தாங்குது, இறக்கத்துல பிரேக்க விடாம புடிச்சுக்கிட்டு வண்டி ஓட்டுற மாதிரி. பழக்கமில்லாத தசைல இது நடந்தா நார்கள்ல கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், அத சரிபண்ண உடம்பு வேலைய ஆரம்பிக்கும், வீங்கும், நரம்பு கூசும், இதெல்லாம் நடக்க நேரம் ஆகுறதால தான் வலி 24லேருந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்கு வருது. தசை கிழியுறதால தான் இந்த வலின்னு தியோடர் ஹஃப்னு ஒரு அமெரிக்க உடலியல்காரர் 1902லயே எழுதிட்டார், நாம தான் இன்னும் ஆசிட்ட விடல. படி ஏறுறதவிட இறங்கும்போது உங்களுக்கு உயிர் போகுதே, அதுவும் இதே பிரேக் வேலை தான்.

அதனால இப்போ வெயிட் வேண்டாம், மெதுவா நடங்க, நடக்குற வரைக்கும் கொஞ்சம் இதமா இருக்கும். நாலஞ்சு நாள்ல போயிரும். அடுத்த தடவ அதே ஸ்குவாட் அதே எண்ணிக்கை போட்டாலும் இவ்ளோ வலிக்காது, ஒரே தடவைல தசை பாடம் படிச்சிருது. ஆனா ஒண்ணு, வலியோட யூரின் கோலா நிறத்துல போனா காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, தசை உடைஞ்சு ரத்தத்துல கலந்தா கிட்னிக்கு ஆபத்து.

கேள்வி: மூணு வாரத்துல முன்னவிட நல்லா வெயிட் தூக்குறேன், கண்ணாடில மட்டும் ஒரு மாற்றமும் காணோம். ஏன்?

பதில்: இப்போ வளந்திருக்கறது தசைய விட நரம்போட சாமர்த்தியம். சும்மா இருந்த தசை நார்களையும் மூளை ஒண்ணா வேலைக்கு இழுக்க கத்துக்கிச்சு. சட்டை டைட் ஆகணும்னா இன்னும் ரெண்டு மூணு மாசம் பொறுங்க.