ராஜநாகம் ஒண்ணா நாலா? பாம்புக் கேள்விகள்

கேள்வி: ஸ்கூல்ல ராஜநாகம் ஒரே இனம்னு படிச்சோம், இப்போ நாலு இனம்னு சொல்றாங்களே, எப்படி திடீர்னு நாலாச்சு?

பதில்: திடீர்னு எல்லாம் ஆகல, பாம்பு எப்பவோ பிரிஞ்சு போச்சு, நமக்குத்தான் லேட்டா தெரிஞ்சுது. 1836-ல பேர் வெச்சதுல இருந்து இந்தியா முதல் பிலிப்பைன்ஸ் வரைக்கும் எல்லாத்தையும் ஒரே இனமாத்தான் கணக்குல வெச்சிருந்தாங்க. உடம்புல இருக்கற பட்டை இடத்துக்கு இடம் மாறுதுன்னு முன்னாடியே தெரியும், அதுக்கென்ன, இவ்ளோ பெரிய ஏரியால எல்லாம் ஒரே மாதிரியா இருக்குமான்னு விட்டுட்டாங்க. அப்புறம் டிஎன்ஏவைப் பார்த்து, மியூசியத்துல கிடந்த பழைய பாம்பு உடம்பை எல்லாம் எடுத்து பட்டை, செதில்னு எண்ணி, 2024-ல பாம்பு ஆராய்ச்சியாளர் கௌரி சங்கரோட குழு நாலாப் பிரிச்சுது. மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கறது தனி, பேரு காளிங்கா, கன்னடத்துல ஜனங்க கூப்பிடற பேரையே வெச்சிருக்காங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. பிலிப்பைன்ஸ்ல லூசான் தீவுல ஒண்ணு தனி. மிச்ச ரெண்டும் ஆசியாவோட மத்த இடங்களைப் பங்கு போட்டுக்குது. இன்னொண்ணு, பேர்ல நாகம்னு இருந்தாலும் இது நல்ல பாம்போட பேரினத்துல (நெருங்கின சொந்தமான இனங்களோட கூட்டம்) சேராது, தனிப் பேரினம்.

கேள்வி: தாய்லாந்துல இருக்கற கண்ணாடி விரியனும் இந்தியாவுல இருக்கறதும் ஒண்ணுதானா? ஒரே மருந்து ரெண்டுக்கும் கேக்குமா?

பதில்: பார்க்க ஒண்ணு மாதிரிதான், முதுகுல அதே வட்ட வட்டமா சங்கிலி. ஆனா 2007-ல டிஎன்ஏ, செதில் எல்லாம் பார்த்து ரெண்டு இனம்னு முடிவு பண்ணிட்டாங்க. பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, வங்காளதேசம் பக்கம் ஒண்ணு, மியான்மர்ல ஆரம்பிச்சு தாய்லாந்து, தெற்கு சீனா, தைவான், ஜாவா வரைக்கும் இன்னொண்ணு. இதுல வேடிக்கை என்னன்னா ஜாவால இருக்கு, ஃபுளோரஸ் தீவுல கூட இருக்கு, நடுவுல மலேசியாவுலயும் போர்னியோவுலயும் இல்ல! பறந்தா போச்சு? பனியுகத்துல கடல் சுமார் 120 மீட்டர் கீழ இறங்கி ஜாவா, சுமத்ரா, போர்னியோ எல்லாம் ஆசியாவோட ஒட்டின நிலமா இருந்துச்சு, இந்தப் பாம்புக்கு அடர்ந்த மழைக்காடு ஆகாது, புல்வெளியும் வறண்ட இடமும்தான் பிடிக்கும், அந்தக் காலத்துல நடுவுல வறண்ட பாதை ஒண்ணு இருந்திருக்கணும், அது வழியா ஜாவா வரைக்கும் நடந்தே போயிருக்கும், அப்புறம் கடல் ஏறி, காடு மண்டி, வந்த வழி அடைச்சுப் போச்சு. இப்படித்தான் நினைக்கறாங்க, எனக்கும் நியாயமாத்தான் படுது.

மருந்து விஷயம்தான் சிக்கல், விஷம் இடத்துக்கு இடம் மாறுது. இலங்கையில கடிபட்டவங்களுக்கு ரத்தம் உறையாம போறதோட கண் இமையும் தொங்கிடும், நரம்பையும் சேர்த்து அடிக்குது. மியான்மர்ல மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பிலயே ரத்தம் கசியும். அதனாலதான் தாய்லாந்துல குயீன் சாவபா இன்ஸ்டிட்யூட் அங்க இருக்கற பாம்போட விஷத்தை வெச்சே மருந்து தயாரிக்குது. இந்தியாவுல நாலு பாம்பு விஷம் கலந்து ஒரே மருந்து, அந்த விஷத்துல பெரும்பகுதி சென்னைக்குப் பக்கத்துல இருளர் கூட்டுறவு சங்கத்துல எடுக்கறது. வடகிழக்குல இருக்கற, படத்துல ஒத்த வட்டம் போட்ட நாகத்தோட விஷத்துக்கு இந்த மருந்து ஆய்வுக்கூட எலி சோதனையில ரொம்ப சுமாராத்தான் வேலை செஞ்சுது. இந்தியாவுல வருஷத்துக்கு சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில சாகறாங்கன்னு கணக்கு, அந்தந்தப் பகுதி விஷத்தை வெச்சு மருந்து பண்ணுங்கன்னு விஞ்ஞானிகள் கத்திக்கிட்டே இருக்காங்க. (அதுக்காக கடிச்சா மருந்து வேணாம்னு யாரும் உட்கார்ந்துடாதீங்க, இப்போதைக்கு அதுதான் உயிரைக் காப்பாத்துது, நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.)

கேள்வி: கட்டு விரியனும் கண்ணாடி விரியனும் அண்ணன் தம்பியா?

பதில்: பேரைப் பார்த்து ஏமாந்துட்டீங்க. கட்டு விரியன் விரியனே கிடையாது, நல்ல பாம்பு, கடல் பாம்போட சொந்தம். விரியனோட பல்லு நீளம், வாயை மூடினா கத்தி மாதிரி மடிஞ்சு மேலண்ணத்துல படுத்துக்கும். கட்டு விரியனுக்கு சின்னப் பல்லு, மடங்காது, அதான் ராத்திரி தூக்கத்துல கடிச்சா பல பேருக்குத் தெரியறதே இல்ல. முட்டை போடும், கண்ணாடி விரியன் குட்டி போடும்.

கேள்வி: சாரையும் நாகமும் சேருமா?

பதில்: சேராது. ரெண்டும் வேற வேற குடும்பம், பிரிஞ்சு கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு. ரெண்டு பாம்பு பின்னிக்கிட்டு நிக்கறதைப் பார்த்தீங்கன்னா, அது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரை மல்லுக்கட்டறது.

கேள்வி: டிஎன்ஏ எடுக்க பாம்பைக் கொல்லணுமா?

பதில்: வேணாம். வயித்துச் செதில்ல ஒரு ஓரம் நறுக்கினா போதும், அடுத்த சட்டை உரிக்கறப்போ சரியாயிடும். அந்த உரிச்ச சட்டையிலயே கூட எடுக்கலாம், ஆனா மழையில நனையாம வெயில்ல கருகாம புதுசா கிடைக்கணும், ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சா பூஞ்சை பிடிச்சு வீணாப் போயிடும், பேப்பர் கவர்ல போட்டு எந்த இடம், என்ன தேதின்னு மேல எழுதி வெக்கறதுதான் சரி.