வார்டு வாரியாக நலிவு வரைபடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அடுத்த கொள்ளைநோய் வந்தால் எந்த வார்டுக்கு முதலில் உதவி போக வேண்டும் என்று முன்கூட்டியே வரைபடமாக்க முடியுமா? (சேலம் வாசகர்)

முடியும். நோய் வந்தால் எந்த இடம் எளிதில் பாதிக்கப்படும் என்று காட்டுவதுதான் நலிவு வரைபடம். 2020-ல் இந்திய மாவட்டங்களின் நலிவை எண்ணாக அளக்கும் ஒரு குறியீடு ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளிவந்தது; 5 பிரிவுகள், 15 அளவீடுகள். அதற்கு உதவிய தேசியக் குடும்பநல ஆய்வு (2015–16) மாவட்டத்துக்குக் கீழே இறங்காது. ஒரே மாவட்டத்தில் பங்களாத் தெருவும் ஓரறை வீட்டு வரிசையும் இருக்கும்போது, மாவட்டச் சராசரியை வைத்து ஆணையர் எதை முடிவு செய்வார்?

வார்டு அளவுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலை எடுங்கள். ஓரறை வீடுகள், வெளியே போய்த் தண்ணீர் பிடிப்பவை, பொதுக் கழிப்பறையை நம்பியவை மூன்றும் கிடைக்கும். முதியோர் எண்ணிக்கை வார்டுச் சுருக்கத்தில் இராது. வயது வாரியாக 0–6 வயதினரின் எண்ணிக்கை மட்டுமே அதில் தனியாக இருக்கும். வாக்காளர் பட்டியலின் வயதுப் பத்தியிலிருந்து 60 கடந்தவர்களை எண்ணலாம். சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பதிவுகளைச் சுகாதார அலுவலரிடம் வார்டு மொத்தமாகக் கேளுங்கள், பெயர்கள் வேண்டாம்.

ஒவ்வோர் அளவீட்டையும் சதவீதமாக்கி, குறைவிலிருந்து கூடுதலாக வரிசைப்படுத்துங்கள். வரிசை எண்ணில் ஒன்றைக் கழித்து, வார்டுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். சேலத்தின் 60 வார்டுகளில் 45-ஆவது இடம் என்றால் 44 ÷ 59 = 0.75. நெரிசல், முதுமை, நோய் என அளவீடுகளைப் பிரிவுகளாக்கி, இப்படி வந்த எண்களைப் பிரிவுக்குள் கூட்டி மீண்டும் வரிசை. பிரிவுகளைக் கூட்டி மறுபடி வரிசை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கையாளும் முறை இதுதான். எழுத்தறிவு போல, கூடினால் நல்லது என்னும் அளவீடுகளைத் தலைகீழாக வரிசைப்படுத்த வேண்டும். மறந்தால் வசதியான வார்டு வரைபடத்தில் சிவப்பாக, அதாவது நலிவு கூடியதாகத் தெரியும்.

கடைசியில் வரும் ஒற்றை எண்ணை மட்டும் அதிகாரியிடம் கொடுக்காதீர்கள். இரண்டு வார்டுகளுக்கு 0.8 வந்திருக்கலாம். ஒன்றில் காரணம் நெரிசல்: அங்கே தனிமைப்படுத்த மண்டபமும் தண்ணீர் லாரியும் வேண்டும். மற்றொன்றில் முதுமை: அங்கே வீடு தேடி மாத்திரை போக வேண்டும். பிரிவு வாரி வரைபடங்கள்தான் வேலையைச் சொல்லும். பக்கத்திலேயே தலைக்கணக்கையும் எழுதுங்கள். சதவீதம் இடத்தைக் காட்டும், எத்தனை மாத்திரை என்று சொல்லாது.

கேள்வி: வார்டு எல்லைகள் மாறிவிட்டனவே? (சென்னை வாசகர்)

பெரிய சிக்கல்தான். 2011 கணக்கெடுப்பில் சென்னைக்கு 155 வார்டுகள். விரிவாக்கத்துக்குப் பின் 200. பரப்பளவு விகிதப்படி பழைய எண்களைப் பிரித்தால் ஏரியிலும் தொழிற்பேட்டையிலும் ஆட்கள் குடியேறிவிடுவார்கள். வாக்குச்சாவடி வாரி வாக்காளர் எண்ணிக்கையின் விகிதப்படி பிரியுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் பச்சையான இடத்திலும் தொற்று பரவுகிறதே? (கடலூர் வாசகர்)

நலிவு வேறு, தொற்று நுழையும் வழி வேறு. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து உங்கள் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் போனதை எந்த நலிவு வரைபடமும் முன்னறிந்திராது. சந்தை, பேருந்து நிலையம், அன்றாடப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைத் தனி அடுக்காகப் போட வேண்டும்.

குடும்ப அட்டையும் வாக்கும் இல்லாதவர்கள் எந்த அடுக்கிலும் விழமாட்டார்கள். 2020-ல் சிங்கப்பூரின் தொற்றுகளில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில்தான். தமிழர்கள் பலர் அங்கே இருந்தார்கள். ஆகவே கட்டட வேலைக் கொட்டகை, விடுதி, முதியோர் இல்லம் ஒவ்வொன்றையும் தனிப் புள்ளியாகக் குறியுங்கள். ஆட்களை இரவில் எண்ணுங்கள். பகலில் போனால் கொட்டகை காலியாக இருக்கும்.